யானையா, இறகா, கடல் சிங்கமா

அந்தப் பிராணி மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தவளை எல்லோரும் 'ஏன் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பூனை ஏன் தராசில் மட்டும் உட்கார மாட்டேன் என்கிறது, பிரிண்டர் ஏன் அவசரம் என்றால் மட்டும் மக்கர் செய்கிறது என்று எதையாவது துருவிக்கொண்டே இருப்பாள். பதில் கிடைக்காத நாளில் சாப்பாடு இறங்காது.

அங்கே வேலை நடந்த அழகைச் சொல்ல வேண்டும். எல்லா விலங்குகளின் விவரமும் ஒரே அட்டவணைக் கோப்பில் இருந்தது. அதில் முன்மேசையிலிருந்து இவள் எழுதுவாள். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் மருந்து அறையிலிருந்து அண்ணன் எழுதுவார். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மருந்து எடுத்துக் கொடுப்பவர், வயதில் மூத்தவர், அதனால் ஊருக்கே அண்ணன். இருவரும் ஒரே சமயத்தில் எழுதினால் கடைசியாகச் சேமித்தவருடையதுதான் நிற்கும். மற்றவருடையது போன இடம் தெரியாது. கணினி எச்சரிக்கத்தான் செய்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? 'சரி'யைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கோப்பைத் தொடுமுன் "நான் உள்ளே!" என்று கத்த வேண்டும், முடித்ததும் "வெளியே வந்தாச்சு!" நாய்கள் குரைக்கிற இடத்தில் கூடுதலாக இரண்டு பேர் கத்துவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பல வருடம் வண்டி இப்படியே ஓடியது. திடீரென்று ஒரே மாதத்தில் இரண்டு தடவை, இவள் எழுதிக்கொண்டிருந்ததன் மேல் அண்ணன் சேமித்துவிட்டார். இரண்டாவது தடவை அழிந்துபோனது, ஒரு சாம்பல் பூனைக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு. டாக்டரம்மா அதே ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். பூனையைக் கொண்டுவந்தவர் போட்ட கூச்சலில் பூனை தப்பியது.

"அவ கத்தினது காதுல விழலையா? இன்னொரு தடவை இப்படி நடந்தா நீங்க வீட்லயே இருந்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா இவள் பக்கம் திரும்பினார். "ஆபீஸ் சாஃப்ட்வேர் பழகினது, அது இருக்கட்டும். பின்னாடி ஒரு டேட்டாபேஸ் சேத்துடலாம். ஓபன் சோர்ஸா பாரு. எதுன்னு நீயே சொல்லு."

கரும்பு தின்னக் கூலியா? ஏன் அக்கா அன்றே உட்கார்ந்துவிட்டாள். பழகிய திரை முன்னால் அப்படியே நிற்கும், விவரங்கள் மட்டும் பின்னால் வேறொன்றில் போய் உட்காரும் என்பது புரிந்தது. அந்த வேறொன்றுக்குத்தான் போட்டி. ஒன்றுக்கு யானை முத்திரை, ஒன்றுக்குக் கடல் சிங்கம், ஒன்றுக்கு இறகு. பெயர்கள் வாயில் நுழையாததால் படத்தைச் சொல்லியே கூப்பிட்டாள். உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமாம். ஒரு எழுத்துகூடப் புரியாவிட்டாலும் அவள் திறந்து பார்த்தாள்.

"நம்ம பொண்ணுக்குக்கூட நாம இப்படி மாப்பிள்ளை தேடலையேடி" என்றார், ராத்திரி வீட்டிலும் அவள் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த வீட்டுக்காரர்.

"அதான் இப்ப படறோம்."

அவள் மனம் இறகின் மேல்தான் விழுந்தது. ஒரே ஒரு கோப்பு; தனியாக எதையும் ஓட்ட வேண்டாம்; இருக்கிற கணினியில் போட்டால் கிளம்பிவிடும். யானைக்கோ தனியாக ஒரு கணினியை ஒதுக்கிப் பராமரிக்க வேண்டும்.

ஆனால் இன்னொரு 'ஏன்' அவளைக் குடைந்தது. பல வருடம் தவறாதவர் இந்த மாதம் மட்டும் ஏன் தவறினார்? மறுநாள் முன்மேசையில் யோசித்தபடி மருந்து அறைச் சன்னலைப் பார்த்தாள். உண்ணி மருந்துச் சுவரொட்டி ஒன்று கண்ணாடியை முக்கால்வாசி மறைத்திருந்தது. போன மாதக் கடைசியில் அதை ஒட்டியவள் இவளேதான்.

எழுந்து மருந்து அறைக்குப் போனாள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று "அண்ணே" என்றாள். அசையவில்லை. உரக்கக் கூப்பிட்டாள். ஒரு கை மவுஸில் இருக்க, மறு கையால் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். சுற்றி வந்து அவர் முன்னால் நின்று, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, "நான் உள்ளே" என்றாள்.

அண்ணனின் கை மவுஸிலிருந்து சட்டென்று விலகியது.

ஏன் அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடமாக இந்த மனிதர் அவள் வாயைப் பார்த்தல்லவா வேலை செய்திருக்கிறார்!

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதம்மா" என்றார் அவர். "செவிடனை யாரு வேலைக்கு வெச்சுப்பாங்க?"

"அதைச் சொல்ல வேண்டியது நீங்கண்ணே. கத்தற வேலையே இல்லாமப் பண்ண வேண்டியது நான்."

சுவரொட்டியை அப்போதே கிழித்தாள். திரும்பி வந்து மறுபடி படித்தாள். இறகில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும்; அதிலும் வலைத் தொடர்பில் பலர் பகிர்ந்துகொள்ளும் கோப்பாக அதை வைக்காதீர்கள் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருந்தார்கள். மனசே இல்லாமல் அதைக் கைவிட்டாள். யானையும் கடல் சிங்கமும் பலர் சேர்ந்து எழுதினாலும் தாங்கும். இரண்டில் யானையின் விளக்கப் புத்தகம் அவளுடைய 'ஏன்'களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னது. அது போதாதா?

மூலையில் கிடந்த பழைய கணினி யானைக்குப் போனது. ஒவ்வொரு குறிப்பும் தனி வரியாகச் சேருமாறு அமைத்தாள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. டாக்டரம்மா பக்கத்தில் நிற்க, இவளும் அண்ணனும் அதே சாம்பல் பூனைக்கு ஒரே நேரத்தில் எழுதினார்கள். இரண்டும் நின்றன.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "டாக்டர், எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாவே."

டாக்டரம்மா அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றார். "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? நான் பாட்டுக்கு முதுகுப் பக்கம் நின்னு மருந்து சொல்லிட்டிருந்தேனே! இனிமே எதுவா இருந்தாலும் எழுதித் தரேன். வேலையைப் பாருங்க." கோபமாகத்தான் சொன்னார், வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் நாய்கள் மட்டும்தான் கத்தின. சாயங்காலம் அண்ணன் கண்ணாடியைத் தட்டினார். முகம் வாடியிருந்தது.

"என்மேல கோபமாம்மா? காலையிலிருந்து என்னைப் பாத்து வாயே திறக்கலையே."

"இனிமே கத்த வேணாமேண்ணே. அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

"தெரியும்மா. ஆனா இந்த இடத்துல எனக்குக் கேட்டது அது ஒண்ணுதானே."

ஏன் அக்கா தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடிப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "நான் உள்ளே" என்று உதட்டை அசைத்துவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.