கரி அந்தோணியும் என் பெட்பேனும்

மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நலம் விசாரிப்பார்கள். நர்ஸாகப் பிறந்தவள் பெட்பேனைப் பார்த்துத்தான் விசாரிக்க வேண்டும். வார்டில் காலம் தள்ளிய சகோதரிகளே, நீங்களாவது மூக்கைப் பொத்தாமல் படியுங்கள்.

மஞ்சள்

அறுபதுகளின் கடைசியில் ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆண்கள் வார்டு. துறைமுகத்தில் கரி இறக்கும் அந்தோணி, வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், மஞ்சள் கண்ணோடு வந்து சேர்ந்தார். பித்தப்பை வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. ஊசி போட்டதில் பத்து நாளில் காய்ச்சல் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் பிலோமினாவுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். சனிக்கிழமையே வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, வார்டு பெருக்குகிற அம்மா வரைக்கும் சிபாரிசு பிடித்தார். தினமும் காலையில் மோஷன் என்ன நிறம் என்று கேட்பேன்; மஞ்சளாக இருந்தால் பித்தம் ஒழுங்காக இறங்குகிறது என்று அர்த்தம். மூன்று நாளாக ஒரே பதில்.

"நல்லா மஞ்சளா கீது சிஸ்டரு."

கறுப்பு

வெள்ளிக்கிழமை முகம் வெளுத்துக் கிடந்தார். வலி திரும்பியிருந்தது, பல்லைக் கடித்து மறைத்தார். கக்கூசுக்குப் போகவிடாமல் கட்டிலிலேயே பெட்பேன் வைத்தேன். தார் மாதிரி இருந்தது. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். எத்தனை நாளாக என்று அதட்டினேன். மூன்று நாளாம். சொன்னால் புதுநன்மைக்கு விடமாட்டோமாம். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இருவது வருசமா கரி கப்பல்ல கீறேன். துப்புனா கறுப்பு, மூக்கு சிந்துனா கறுப்பு. இதுவும் அதான்னு நெனச்சுகினேன்."

வெள்ளை

பெரிய டாக்டர் அன்றே வயிற்றைத் திறந்தார். சீழ் பிடித்த பித்தப்பையை ஒட்டி, ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாய் கோலிக்குண்டு அளவுக்கு உப்பி, பித்தக்குழாய்க்குள் கசிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போயிருந்தால் அங்கேயே வெடித்திருக்கும் என்றார். அந்தக் குழாயை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, பித்தப்பையையும் எடுத்தார். கூட வேலை செய்கிறவர்கள் நாலு பேர் ரத்தம் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிலோமினா வெள்ளை கவுனோடு நேரே வார்டுக்கு வந்தாள். பார்வையாளர் நேரமில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். இரண்டு வாரமாகக் கரியே தொடாத கைகளை அவர் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கிட்ட வராத கண்ணு, கவுன்ல கரி ஒட்டிக்கும்."

டோல்கேட்

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். புது மாமியாரோடு டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தோணி, பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் கொடுத்தார்.

"சிஸ்டரு, இன்னிக்கும் மஞ்சளாதான் கீது. இந்தவாட்டி சத்தியமா."

எது மஞ்சள் என்று மாமியாருக்கு விளக்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாடு பரிமாறும் வேலை எனக்கு இல்லை; இதைவிடப் பெரிய பரிசை இந்தத் தொழில் எனக்குத் தரவில்லை.