சைக்கிள் வந்த பெட்டி

எங்கள் ஊரில் கடைக்குப் போய் சைக்கிள் வேண்டும் என்று கேட்டால் சைக்கிளைத் தருவார்கள். தில்லியில் எனக்கு வந்தது ஓர் அட்டைப்பெட்டி. ஆள் உயரத்துக்கு, தட்டையாக, கதவுக்கு வெளியே சாத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே முன்சக்கரம் தனியாக, ஹேண்டில்பார் தனியாக, பெடல் இரண்டும் ஒரு பிளாஸ்டிக் பையில். கூடவே ஒரு தாள்: நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளவும், அந்தக் கூலி விலையில் சேராது. முழுக் காசையும் வாங்கிக்கொண்டு மிச்ச வேலையை நீயே பார்த்துக்கொள் என்கிற துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். முழங்கால் வலியோடு லோதி ரோடு ஆபீசுக்கு நடந்து போகிறேன் என்று நான் புலம்பியதைக் கேட்டு என் வீட்டுக்காரர் பிறந்தநாள் பரிசாக வாங்கியது அது. ஸ்குரூடிரைவரோடு அவரே உட்கார்ந்து பார்த்தார். சக்கரம் ஒரு பக்கம் பார்க்க ஹேண்டில்பார் வேறு பக்கம் பார்த்தது. பிறகு எல்லாவற்றையும் மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டு, இது அவர்கள் வேலை என்று எழுந்துவிட்டார்.

கோவில்பட்டியில் நான் பத்தாவது முடித்தபோது அப்பா சைக்கிள் வாங்கித் தந்தார். எது வேண்டும் என்று கை காட்டியதும், டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். திரும்பி வந்தபோது சைக்கிள் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழத்தோடு நின்றது. மாட்டும் கூலி என்ற பேச்சே எழவில்லை. விலையோடு சேர்த்து வாங்கியிருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது, இருந்தாலும் கேட்காமல் இருந்தார்களே. அது எந்தப் பெட்டியில் வந்தது என்று நான் பார்க்கவும் இல்லை. சொந்த ஊரில் இருப்பவளுக்குப் பெட்டி எதற்கு?

இதை ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்குப் பெட்டி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தில்லியில் மத்திய அரசு வேலையில் இருக்கிற எந்தத் தமிழ்க் குடும்பத்துக்குப் போனாலும் தலையைத் தூக்கிப் பரணைப் பாருங்கள். டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, வாஷிங் மெஷின் வந்த பெட்டி, தெர்மோகோல் உட்பட அப்படியே இருக்கும். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் சாமான்களை அதனதன் பெட்டியில் போட்டு அனுப்பலாம் அல்லவா? எங்கள் வீட்டில் பழைய டிவி போய்ப் புது டிவி வந்தும் பழையதன் பெட்டி போகவில்லை. "கவர்ன்மென்ட் இந்த வீட்ட உனக்குக் குடுத்துச்சா, ஒன் பெட்டிகளுக்குக் குடுத்துச்சா?" என்று இவர் கேட்பார். நான் மதுரைக்கு மாற்றல் கேட்டு வருடா வருடம் விண்ணப்பம் எழுதுகிறேன். தில்லிக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிவிட்டது. அப்பா போனபிறகு அம்மா கோவில்பட்டியில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் அவள் கேட்பது, ஆர்டர் வந்துச்சா என்பதுதான்.

பெட்டியை இ-ரிக்‌ஷாவில் குறுக்காகக் கிடத்தி மார்க்கெட் ஓரத்து சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். ஃபிட்டிங் ஐநூறு என்றார் கடைக்காரர். பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன். மனிதர் பேச்சில்லாமல் வேலையை முடித்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, சைக்கிளை என் பக்கம் தள்ளினார். நான் காசைக் கொடுத்துவிட்டுக் காலிப் பெட்டியைத் தூக்கினேன். உடனே அறுநூறு என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. என் இந்தியைக் கேட்டுத்தான் விலையை ஏற்றுகிறார் என்று நினைத்து, அதே இந்தியில் படபடவென்று பொரிந்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. பெட்டியை விட்டுவிட்டுப் போனால்தான் ஐநூறாம், இங்கே எல்லோரும் விட்டுவிட்டுத்தான் போவார்களாம். வீடு மாற்றிக் கொடுக்கிறவர்கள் இந்தப் பெரிய பெட்டிகளை அவரிடம் காசு கொடுத்து வாங்கிப் போவார்களாம். காலிப் பெட்டி எனக்கு எதற்கு என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

"டிரான்ஸ்ஃபர் ஆ கயா, மேடம்?" என்று கேட்டார், மாற்றல் வந்துவிட்டதா என்று. சர்க்கார் குவார்ட்டர்ஸ்காரர்களை அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது. இன்னும் இல்லை என்றேன். எப்போது வரும் என்றார். கேலி இல்லை, சும்மா விசாரிக்கிற குரல்தான். பன்னிரண்டு வருடமாக ஆபீசில் யாரும் இவ்வளவு மரியாதையாக அதை என்னிடம் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் பர்ஸிலிருந்து இன்னொரு நூறு ரூபாயை எடுத்தார். அத்தனை வருடம் பெட்டிகளைக் கேலி செய்த மனிதர், எனக்காக அந்தப் பெட்டியை விலை கொடுத்து வாங்கப் பார்த்தார். அதைப் பார்த்ததும்தான் பெட்டியை என்னால் கீழே வைக்க முடிந்தது. தில்லியில் எங்கேயோ ஒருத்திக்கு ஆர்டர் வந்திருக்கும், அவள் சாமான் இதில் ஊருக்குப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமையாகத்தான் இருந்தது. "வேண்டாம், வாங்க போலாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஆர்டர் வந்துச்சா தாயி?"

இல்லையம்மா, சைக்கிள்தான் வந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வாங்கித் தந்ததைப்போல இதுவும் பச்சைதான் என்றேன். மாட்டுவதற்குத் தனிக் காசா என்று அதிசயப்பட்டாள். பிறகு கேட்டாள்: "அது வந்த பெட்டியப் பத்திரமா வச்சிருக்கியா?"

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தைதான். வாய் வரவில்லை.

"மத்த பெட்டியெல்லாம் இருக்கும்மா" என்றேன்.

பக்கத்து வீட்டு டிவிச் சத்தம் மட்டும் போனில் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் காலத்தில் என்னை சைக்கிளில் பள்ளிக்கூடம் அனுப்பும்போது வாசலில் நின்று பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"சரி, மெதுவா ஓட்டு தாயி. புது ஊரு."

சரிம்மா என்றேன். பன்னிரண்டு வருடக் கணக்கை அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை, கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற அளவுக்குப் பழகிப்போன அந்த லோதி ரோட்டில், வழி தெரியாதவளைப்போல மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.