செங்கம்மா திரும்பி வரவில்லை

யோகலட்சுமி கதை எழுதியது திருத்தணி ரயில் நிலையத்தின் கடைசி பெஞ்சில். எழுதியது என்பதைவிடப் பேசியது என்று சொல்ல வேண்டும். விரல் மூட்டுகள் வீங்கிப்போனதால் போனில் தட்டச்சு செய்ய முடியவில்லை. பேசினால் போன் தானே எழுதிக்கொள்ளும். வீட்டிலோ காலையிலிருந்து இரண்டு விசைத்தறிகள் ஓடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் சமையலை முடித்துவிட்டு, பன்னிரண்டு மணி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவாள்.

போனுக்கு அவள் பேச்சு புரியாது. "வந்துகினு" என்றால் வேறு ஏதோ எழுதிவைக்கும். புத்தகத் தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகிக்கொண்டாள். ஒரு நாள், "இனி இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது. நான் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த பாஞ்சாலி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதம்மா. எங்க போனாலும் இதே கதைதான்."

"நான் போலக்கா. கதையில ஒருத்தி போறா."

பாஞ்சாலி நம்பவில்லை. அதன் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பழத்தை நறுக்கி, மிளகாய்த்தூள் தூவிக் கொடுப்பாள்.

கதையில் போனவள் செங்கம்மா, தறிக்காரன் மனைவி. புருஷன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை. ஒரு நாள் காலை இட்லி ஊற்றிவைத்துவிட்டு அரக்கோணத்துக்கு ரயில் ஏறிவிடுகிறாள். தொடர்கதைச் செயலி ஒன்றில் வாரத்துக்கு மூன்று அத்தியாயமாக இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. அந்தச் செயலியின் ஆபீஸிலிருந்து கவிப்பிரியா என்ற பெண் அடிக்கடி போன் செய்வாள்.

"மேடம், செங்கம்மா திரும்பி வருவாளான்னுதான் எல்லாரும் படிக்கிறாங்க. வர வெச்சிடுங்க. அடுத்த சீசன் ஆரம்பிச்சிடலாம்."

"அவ வர மாட்டாம்மா."

"ஏன் மேடம்? அவர்தான் திருந்திட்டாரே?"

"அவரு கெட்டவரே இல்லயேம்மா, திருந்தறதுக்கு."

"அப்ப அத்தியாய முடிவுல ஒரு ட்விஸ்ட்டாவது வைங்க மேடம்" என்றாள் கவிப்பிரியா. யோகலட்சுமி வைத்தாள். வாரத்துக்கு மூன்று. தூங்கி எழுந்தால் அடுத்த ட்விஸ்ட் என்ன என்ற நினைப்புதான் முதலில் வரும். அதில் உடம்பு ஓய்ந்துபோனது.

ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வந்த வேதாசலம் அவளைத் தேடி வந்தார். சென்னையில் சின்னதாகப் பதிப்பகம் வைத்திருப்பவர். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து உதிர, டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்.

"எங்க வீட்டம்மா போன்ல உங்க கதையப் படிச்சிட்டு என்னையும் படிக்க வெச்சாங்க. புக்காப் போடலாம். ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? ஒவ்வொரு அத்தியாயம் முடியறப்பவும் யாரோ கதவத் தட்றாங்க. அடுத்த வாரம் திறந்து பார்த்தா பால்காரன்."

யோகலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. மனதில் சுருக்கென்றும் இருந்தது.

"அந்தத் தட்டல எல்லாம் எடுத்துடுங்க."

"எடுத்தா மிச்சம் ஒண்ணும் இருக்காதுங்களே."

"இருக்கும். எடுத்துட்டுப் பாருங்க."

மழைக்காலம் முழுக்க எடுத்தாள். திடீரென்று முளைத்த கொழுந்தனை எடுத்தாள். ஆஸ்பத்திரியை எடுத்தாள். காணாமல் போன தாலிச்சரடும், அதைத் தேடி அலைந்த பதினோரு அத்தியாயங்களும் போயின. ஒவ்வொன்றும் ஒரு மதிய வெயில். இதற்காகவா அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம் என்று வெறுத்துப்போய், வாரக்கணக்கில் போனைத் தொடாமலும் இருந்தாள்.

கடைசியில் மிஞ்சியது கொஞ்சம்தான். கரண்ட் போய்த் தறி நின்றதும், ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்க, பேச எதுவுமில்லாமல் செங்கம்மாவும் புருஷனும் உட்கார்ந்திருப்பது. அரக்கோணம் ஹாஸ்டல் சமையற்கட்டில் வேலை முடிந்து, தனக்கு மட்டும் ஒரு தட்டு வைத்துக்கொள்வது. இவையெல்லாம் எப்போது எழுதியவை என்று யோசித்துப் பார்த்தாள். ட்விஸ்ட் எதுவும் தோன்றாமல், இன்றைக்கு ஏதாவது போட்டே ஆகவேண்டுமே என்று களைத்துப்போய்ப் பேசிய நாட்களில் வந்தவை. ஆள் கம்மியாகப் படித்ததும் அவற்றைத்தான்.

செயலியிலும் கதையை அப்படியே முடித்தாள். செங்கம்மா திரும்பவில்லை. "இதுக்கா இத்தனை நாள் காத்திருந்தோம்" என்று திட்டிக் குவித்தார்கள். ஒருத்தி மட்டும் எதுவும் எழுதாமல் ஒரு கும்பிடு போட்டிருந்தாள். கவிப்பிரியாவின் போன் நின்றுபோனது.

புத்தகம் தை மாதம் வந்தது. மெலிதான புத்தகம். "மெதுவாத்தாம்மா போவும், எதிர்பார்க்காதீங்க" என்று வேதாசலம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொன்னபடியே மெதுவாகத்தான் போனது. அவள் ஒரு பிரதியை அலமாரியில் வைத்துவிட்டுச் சேலைகளை மடிக்கப் போய்விட்டாள்.

அவள் புருஷன் குமரவேல் போனில் கதை படிக்கிற ஆளில்லை. மின்வாரியம் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட்டை நிறுத்திய ஒரு நாள், அவன் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தான். உதடு அசைய அசையப் படித்தான். பிற்பகலில் உள்ளே வந்து நின்றான்.

"யோகா, இவ புருஷன் நானா?"

"இல்ல பாவா."

"நான் பேசறதெல்லாம் பேசறானே."

"பேச்சுதான் உன்னுது. ஆளு வேற."

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபமாக இருக்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கோபப்பட்டாலும் பதில் சொல்ல அவளிடம் தெம்பில்லை.

"அரக்கோணத்துல அவளுக்குத் துணை யாரு?"

"யாரும் இல்ல."

"சந்தோஷமா இருக்காளா?"

"தெரியல. அதுவரைக்கும் நான் எழுதல."

குமரவேல் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டான். "கண்ணு எரியுது. மிச்சத்த நீ படி" என்று புத்தகத்தை நீட்டினான்.

எத்தனையோ மதியங்கள் போனிடம் பேசியிருக்கிறாள். ஒரு மனிதனுக்குப் படித்துக் காட்டியதில்லை. முதல் வரியோடு நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. அவன் கையை நீட்டி, புத்தகத்தை மெல்ல வாங்கி மூடினான்.

"போதும். நாளைக்குப் படி. இன்னா, ஓடியா பூடப்போவுது?"

"ஆங்" என்றாள் அவள். அங்கேயே தலைக்குக் கையை வைத்துப் படுத்தாள். அவன் எழுந்து போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தான்.