கைதட்டல் மேடம்

மூன்றாவது முறையாகக் கைதட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்கிறார் மேடம். பூச்சு காயாத வெற்று அறை. திரும்பி வந்த ஓசை பிடிக்கவில்லை என்பது உதட்டைப் பிதுக்குவதிலேயே தெரிகிறது. "மேஸ்திரி, இந்தச் சுவரு எதிர்த்துப் பேசுது. மரப்பலகை அடிச்சே ஆகணும்." மேஸ்திரி என்னைப் பார்க்கிறார். நான் விட்டத்தைப் பார்க்கிறேன். தூணுக்கும் கம்பிக்கும் கணக்குப் போடும் பொறியாளன் நான். எதிர்த்துப் பேசும் சுவரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

பதினோரு வருடமாக ஒரே அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறோம். வரைபடம் அவருடையது, அது இடிந்து விழாமல் பார்த்துக்கொள்வது என் பாடு. கைதட்டல் மேடம் என்பது கொத்தனார்கள் வைத்த பெயர். அவருக்கும் தெரியும். "இதோட விட்டாங்களே, அதுவே பெரிசு" என்பார்.

சத்தம் தாங்காதவர்கள், வெளிச்சத்தில் தவிப்பவர்கள், வந்த வழி மறந்துபோகிறவர்கள், இவர்களுக்கு ஏற்ற கட்டடங்களைத்தான் வரைவேன் என்று ஒரே பிடிவாதம். சுவரைப் புறங்கையால் தேய்த்துப் பார்ப்பார். தரையில் மல்லாந்து படுத்து விளக்கை முறைப்பார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்துக்கு மார்க் போடுவார். இத்தனைக்கும் எங்கள் அலுவலகத்திலேயே பெரிய தொண்டை அவருடையதுதான். "மெதுவாப் பேசுங்கப்பா!" என்று அவர் போட்ட ஒரு சத்தத்தில், கீழ்த்தளத்துத் தையல்காரர் விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டதாகப் புகார் உண்டு.

ஞாபகம் தப்பிப்போகும் பெரியவர்கள் பகலில் வந்து தங்கும் இல்லம் ஒன்று கட்டினார். அழகுக்காகச் சாப்பாட்டு அறை வாசலில் ஒரு வரிசை கறுப்புக் கல் பதித்தார். பெரியவர்கள் அதுவரை வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே சாப்பாடு ஆறிப்போனது. மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்தும் மேடத்துக்குக் காரணம் பிடிபடவில்லை. கடைசியில், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து மேடத்தின் கையைப் பிடித்தார். "பள்ளம் இருக்கும்மா, பாத்து. காலை எட்டி வைம்மா." கறுப்புக் கல் அந்தக் கண்களுக்குப் பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. மேடம் மறுபேச்சுப் பேசாமல் எட்டி வைத்தார். மறுநாள் அந்தக் கற்களைப் பெயர்த்தபோது உளி பிடித்ததும் அவர்தான்.

இந்த வேலையில் எப்படி விழுந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"என் தம்பி சின்னப் பிள்ளையில 'அக்கா, லைட்டு கத்துது'ன்னு காதைப் பொத்திக்கிட்டு அழுவான். அடம் பிடிக்கிறான்னு அடி விழும். ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி டியூப்லைட்டுகிட்ட காதை வச்சேன். கத்தத்தான் செஞ்சுது. அதுக்கு முன்னாடி நானும் அவனை அடிச்சிருக்கேன் சார்." கடைசி வாக்கியத்துக்கு மட்டும் அந்தத் தொண்டை இறங்கிவிட்டது.

தம்பிக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அக்கா வீட்டில்தான் இருக்கிறார்; நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டும் வேலை. சென்ற மாதம் அவருக்குக் கடைவாய்ப்பல்லில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கிவிட்டது. எப்போதோ ஓர் ஆஸ்பத்திரியில் நாலு பேர் அமுக்கிப் பிடித்துப் பல் பிடுங்கியதிலிருந்து, பத்து வருடமாக அவர் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதித்ததில்லை. மேடம் அப்போது ஒரு பல் மருத்துவமனையைக் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்தார். "அவன் உள்ள வரலைன்னா நான் கட்டினதெல்லாம் வெறும் செங்கல்லுதான் சார்" என்றார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். எடுபடவில்லை.

அந்த வாரமே மருத்துவமனையைத் திறந்தார்கள்; வீங்கிய கன்னத்தோடு முதல் ஆளாகத் தம்பி வந்தார். அவரை மனத்தில் வைத்தே மேடம் ஓர் அமைதி அறை கட்டியிருந்தார். சுவரெல்லாம் கம்பளி, மங்கலான விளக்கு, வளைந்த இருக்கை. நாலு மாத உழைப்பு. தம்பி அதை எட்டிப் பார்த்தார். "பெயின்ட் நாத்தம்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். மேடத்தின் முகம் செத்துப்போனது. காதையும் கையையும் வைத்து இத்தனை சோதித்தவர், மூக்கை மறந்துவிட்டார்.

தம்பி வாசலுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ மாடிப்படிக்கு அடியில், துடைப்பம் போட்டு வைக்கும் பொந்துக்குள் குனிந்து நுழைந்தார். சுவரோடு முதுகை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "அக்கா, இங்க பரவால்ல. டாக்டரை வரச் சொல்லு."

பல் டாக்டர் நல்ல மனுஷி. வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, டார்ச்சோடு வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். தம்பி கொஞ்சம் யோசித்தார். பிறகு வாயைத் திறந்தார்.

மேடம் கிட்டே போய்க் குனிந்தார். தம்பியின் காலில் இடித்துவிடாமல், பொந்துக்குள் இருந்த வாளியையும் துடைப்பத்தையும் மெல்ல வெளியே எடுத்தார். கீழே வைத்தால் சத்தம் வரும் என்று, ஈரம் சொட்டச் சொட்ட அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.