தோலோடு போட்ட ஆப்பிள்

மீன் குழம்பில் வெந்த பச்சை ஆப்பிளைக் கடித்திருக்கிறீர்களா? தோல் மட்டும் பல்லுக்கு லேசாக முரண்டு பிடிக்கும். உள்ளே சதை குழைந்து, புளிப்பும் தேங்காயும் மிளகாய்க் காரமுமாக நாக்கின் இரண்டு ஓரத்திலும் இறங்கும். நாகர்கோவிலிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்த என் அம்மா, எண்பதுகளின் தொடக்கத்தில் எடிசன் ஊரைச் சுற்றிய கடைகளிலெல்லாம் மாங்காய்க்கு அலைந்து, கிடைக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு, எரிச்சலில், புளிப்பான பச்சை ஆப்பிள் ஒன்றை நாலாக வெட்டித் தோலோடு குழம்பில் போட்டாள். "புளிச்சாப் போதும், மாங்கா என்ன ஆப்பிள் என்ன" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மீன் குழம்புக்கு அதுதான் புளிப்பு.

அந்தக் குழம்புக்காகவே ஞாயிறு தவறாமல் வந்தவர் ரவி அங்கிள். அப்பாவோடு வேலை பார்த்த சென்னைக்காரர், தனிக்கட்டை. "எங்கம்மா முட்டையைக்கூட வீட்டுக்குள்ள விட மாட்டாங்க, அக்கா. நான் ஃபர்ஸ்ட் டைம் மீன் சாப்பிட்டதே உங்க கையாலதான்" என்று இரண்டாம் முறை சோறு வாங்கும்போதெல்லாம் சொல்வார். நான் எண்ணியதில்லை, ஆனால் சலித்துப்போகிற அளவுக்குக் கேட்டிருக்கிறேன்.

ஒரு குளிர்காலத்தில் அவர் வேலையை விட்டார். "ரெஸ்டாரண்ட் ஓபன் பண்ணப்போறேன் அக்கா, உங்க ரெசிபி வேணும்" என்று அளவுக் கப்புகளோடு எங்கள் சமையலறைக்கு வந்து நின்றார். அம்மா கையால் அள்ளியதையெல்லாம் பிடித்துவைத்துக் கப்பில் கொட்டி அளந்தார். பத்து வயதான நான்தான் அதை ஆங்கிலத்தில் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். பச்சை ஆப்பிள் ஒன்று, தோலோடு. 'தோலோடு' என்பதன் கீழே அம்மா சொல்லி இரண்டு கோடு போட்டேன்.

அம்மாவின் விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. ஆங்கிலமும் அவ்வளவாக வராது. டெலிபோன் அடித்தால் என்னைக் கூப்பிடுவாள். அந்த நாட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் குழம்பு ஒன்றுதான் இருந்தது. அதனால் புது ரெஸ்டாரண்டுக்கு அங்கிள் எங்களைக் குடும்பத்தோடு அழைத்தபோது அவள் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டி, அதன்மேல் தடிமனான குளிர்கோட்டையும் போட்டுக்கொண்டாள். "நாலு பேருக்கு முன்ன என்னயக் காட்டி ஏதாவது சொல்லுவான், பாரேன்" என்று காரில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

ஒரு பீட்சா கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் இருந்தது ரெஸ்டாரண்ட். புதுக் கார்ப்பெட்டின் பசை வாடை வெங்காய வாடையோடு கலந்து அடித்தது. மெனுவை நான்தான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். நடுப்பக்கத்தில், கட்டம் கட்டி, "என் அம்மாவின் மீன் குழம்பு" என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில், தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பம் காத்துவரும் ரகசியம்.

"யாருக்க அம்மை?" என்றாள் அம்மா. நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, "நல்லா வாசி மக்களே" என்றாள். மறுபடியும் படித்தேன்.

குழம்பு வந்தது. அதே நிறம், அதே மணம். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, இந்தப் பழம் என்ன என்று அங்கிளைக் கேட்டார்கள். அவர் நெஞ்சில் கைவைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் என் அம்மா இதைச் செய்வாள், ஆப்பிள் அவளுடைய யோசனை என்றார். எங்களுக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, கூசாமல் சொன்னார். முட்டையை வீட்டுக்குள் விடாத அம்மா!

நான் எழுந்தேன். "அங்கிள், உங்க அம்மா..." என்பதற்குள் அப்பா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "சும்ம கெட. பெரியவங்க விஷயம்."

அங்கிள் எங்கள் மேசைக்குச் சிரித்தபடி வந்தார். "எப்படி இருக்கு அக்கா?"

அம்மா ஒரு துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "தோலச் சீவியிருக்கு. தோலோட போடணும்னு சொன்னேனே."

"அமெரிக்கன்ஸுக்குத் தோல் பிடிக்காது அக்கா. கொஞ்சம் சேஞ்ச் பண்ணேன்."

"ஃபர்ஸ்ட் க்ளாஸ், ரவி" என்று எழுந்து கைகுலுக்கினார் என் அப்பா. திருடியவரை விட, கைகொடுத்தவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். திரும்பும் வழியில் காரில், "ஒரு குழம்புக்காக மனுஷனப் பகைக்க முடியுமா?" என்றார். "ஒரு குழம்புதான்" என்றாள் அம்மா, வெளியே பார்த்துக்கொண்டு.

அடுத்த ஞாயிறு ஆப்பிள் இல்லாமல் குழம்பு வந்தது. "புளிப்பே இல்லியே" என்று முகம் சுளித்தார் அப்பா. "வேணும்னா அங்க போயி தின்னுங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் ஆப்பிளைக் குழம்பில் போடவில்லை.

இன்று அந்த ரெஸ்டாரண்ட் இல்லை; அங்கே செல்போன் விற்கிறார்கள். மாங்காய் பனி கொட்டுகிற மாதத்திலும் கிடைக்கிறது. சர்ச் நண்பர்கள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, அம்மாவுக்குச் சொல்லாமல் நான் பச்சை ஆப்பிள் போட்டு மீன் குழம்பு வைத்தேன். எடிசனில் பழைய ஆளான ஓர் ஆன்ட்டி ஒரு வாய் சாப்பிட்டதுமே, "அட, அந்த ரவி ரெஸ்டாரண்ட் குழம்பு! அவங்க அம்மா ரெசிபியாச்சே, உனக்கு எப்படிக் கிடைச்சுது?" என்றார்.

அம்மா தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. பழக்கதோஷத்தில் அப்பா என் கையைப் பார்த்தார். எழுந்து நின்ற நான் இந்த முறை உட்காரவில்லை. சொல்லிவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. ஆன்ட்டி நம்பினாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அதனால் இங்கேயும் எழுதிவைக்கிறேன். அந்தக் குழம்பைக் கண்டுபிடித்தவள் பெயர் ஸ்டெல்லா. ஆப்பிளைத் தோலோடு போட வேண்டும்.