கோழிக்கூட்டுக்குப் பின்னால் என் பெயரில் ஒரு பைக்

நேற்றுத்தான் என் பைக் என் பெயருக்கு வந்தது.

இன்று காலை அம்மா அதைத் தள்ளிக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்!

முதலில் இருந்து சொல்கிறேன்.

பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஒன்று எனக்குச் சரிவந்தது. ஒரே நிபந்தனை, பைக் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் காட்டாவிட்டால் வேலை அடுத்தவனுக்கு.

பைக் இருக்கிறது. துறைமுகத்து உப்புக் காற்றில் துருப்பிடித்த பைக். (நான் வருவது இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் நாய்களுக்கே முதலில் தெரியும்.)

பெயர்தான் என்னுடையதில்லை.

எங்கள் பக்கத்தில் பழைய பைக்குக்கு யாரும் பெயர் மாற்றுவதில்லை. விற்கிறவர் நிரப்பாத பத்திரத்தில் கையெழுத்து வைத்துக் கொடுப்பார். வாங்கியவர் அதை அலுமாரியில் வைத்திருந்து, விற்கும்போது அப்படியே அடுத்தவர் கையில் கொடுப்பார். பைக் நாலு வீடு மாறும். பெயர் முதல் வீட்டு வாசலிலேயே நிற்கும்.

அந்தப் பத்திரத்தை மோட்டார் வாகன அலுவலகக் கவுண்டரில் நீட்டினேன். மடித்து மடித்து அது நாலு துண்டாகியிருந்தது. அங்கிருந்த மிஸ் தொட்டும் பார்க்கவில்லை.

"இது பழைய பத்திரம் தம்பி. இப்ப எடுக்கிறேல்ல. பேரில இருக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவர் இருக்கிறாரோ தெரியாது மிஸ்."

"இல்லையெண்டா மரணச் சான்றிதழ் கொண்டு வாங்கோ."

உயிரோடு இருந்தாலும் வேலை நடக்கும், செத்திருந்தாலும் நடக்கும். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாவிட்டால்தான் அவர்களிடம் பத்திரம் இல்லை. யுத்தம் நடந்த எங்கள் மாவட்டத்தில் அந்த மூன்றாவது வகை ஆட்கள் எத்தனை பேர் என்று அந்தக் கவுண்டருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

சரி, தேடத் தொடங்கினேன்.

எனக்கு விற்றவர் லிங்கநகரில் ஒரு அண்ணை. அவருக்கு விற்றவர் மூதூரில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா. நானாவிடம் போய், நீங்களாவது அன்றைக்குப் பெயர் மாற்றியிருக்கலாமே என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"பேர மாத்தி என்னத்துக்கு மகன்? பெற்றோல் ஊத்தினா ஓடுதுதானே" என்றார். பிளேன்டீயும் தந்தார். (கோபப்பட விடமாட்டார்கள், அதுதான் பிரச்சினை.)

நானாவுக்கு விற்றவர் ஈச்சிலம்பற்றில் வயல் செய்கிற ஒரு ஐயா. அவர் பெயரில்தான் பைக் நிற்கிறது.

போகும் வழியெல்லாம் பயம். கையெழுத்துக்குக் காசு கேட்பாரோ, துரத்திவிடுவாரோ என்று.

ஐயா முற்றத்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தார். நேரே வந்து ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

போச்சு, பறிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, உங்களைத்தான் தேடித் திரிஞ்சனான்" என்றார்.

விசயம் இதுதான். அவர் அரசாங்க நிவாரணத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். சொந்தமாக வாகனம் உள்ளவர் என்று சொல்லி வெட்டிவிட்டார்கள். விற்றுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், யாரிடம் இருக்கிறது என்று காட்டு என்கிறார்களாம். இல்லாத பைக்கை எங்கே போய்க் காட்டுவது?

குசினிக்குள் இருந்து அவர் மனைவி சொன்னார்: "எங்கட வீட்டுப் பணக்காரர் இவர்தான் தம்பி. பைக் எங்கயெண்டு கேட்டா அவருக்கே தெரியாது."

ஐயா சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். (சட்டப்படி அவருடைய பைக்குக்கு நான்தான் சாரதி.)

கிண்ணியாப் பாலம் தாண்டும் வரை ஒரே பாடம் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு நேரே விற்றதாகச் சொல்லுங்கோ, நானாவின் பெயரையோ அண்ணையின் பெயரையோ எடுத்தால் அவர்களையும் கூட்டிவரச் சொல்லுவார்கள் என்று. அவர் ஓம் ஓம் என்றுகொண்டே வந்தார்.

கவுண்டரில் அதே மிஸ்.

"ஐயா, இவருக்கோ வித்தனீங்கள்?"

"ஓம்."

"எப்ப?"

இதை நாங்கள் படிக்கவில்லை! அவர் உண்மையில் விற்ற காலத்தில் நான் பாலர் வகுப்பில் இருந்திருப்பேன். ஐயா என்னைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார்.

"இண்டைக்குக் காலமை."

மிஸ் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முத்திரையைக் குத்தினார்.

நான் போவோம் என்று திரும்பினேன். ஐயா நகரவில்லை.

"மிஸ், இனி என்ர பேரில ஒண்டுமில்லைத்தானே? அதை ஒரு கடதாசியில எழுதித் தாங்கோ."

எழுதிக் கொடுத்தார்கள். தன்னிடம் ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோசமாகப் போன மனிதரை நான் பார்த்ததில்லை. ஒரு மனிதன் ஏழை என்று நிரூபிக்க பைக்கும் பெற்றோலும் ஒரு சாரதியும் தேவைப்படுகிற நாடு இது.

இரவு சாப்பிடும்போது இந்தக் கதையை அம்மாவுக்குச் சொல்லிச் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவுக்கும் அதே நிவாரணம்தான் வருகிறது. இந்தக் கிழமை அதிகாரிகள் வீடு வீடாக வந்து வாகனம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம்.

நல்ல காலம் பிறக்கட்டும் என்று நான் வாங்கிய பெயர், நேரே அம்மாவின் தலையில்.

"முதல் சம்பளம் வரட்டும், பிறகு வெளியில எடு" என்கிறார் அம்மா. பைக் இல்லாமல் அந்தச் சம்பளம் எப்படி வரும் என்று கேட்டேன். கோழிக்குத் தீன் போடப் போய்விட்டார்.

ஆக, திங்கட்கிழமை கொம்பனிக்கு என்னிடம் பைக் இருக்க வேண்டும். வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு இருக்கக் கூடாது.

நானா போன் பண்ணி, மாத்திட்டியா மகன் என்று விசாரித்தார். மாத்திட்டேன் என்றேன். "சரி, அல்லாஹ் காப்பான்" என்றார். எங்கள் ஊரில் ஏன் ஒருவரும் பெயர் மாற்றுவதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. நான் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

நண்பர்களே, ஒரு உதவி. திருகோணமலைப் பக்கம் யார் வீட்டிலாவது கொஞ்சம் பெரிய கோழிக்கூடு இருக்கிறதா?

எங்களுடையது சிறிது. பைக்கின் பின் சில்லு வெளியே தெரிகிறது.