மாமனார் கேட்ட கடல்

எங்கள் பால்கோவா கடையில், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில், மாதா படத்துக்குக் கீழே ஒரு பட்டன் போன் இருக்கிறது. பின்மூடி கழன்று விழாமலிருக்க அதற்கு ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். வாடிக்கையாளர்கள் சிலர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னுமா அண்ணாச்சி இத வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டு எடை போடுவேன். அது என் மாமனாருடைய போன். சாயங்காலம் கடையில் விளக்குப் போடும் நேரத்துக்கு அது அடிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே, கடல்வாடையே அறியாத ஒரு தெருவில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் போன் வழியாகத்தான் அவர் தினமும் கடலைக் கேட்டார்.

மாமனார் தூத்துக்குடிக்காரர். துறைமுகத்தில் கப்பல்களைக் கட்டி இழுத்துவரும் இழுவைப் படகில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவர் வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு வரிசை வீடுகளும், வலை காயப்போடும் மணல்வெளியும் இருந்தன. முதலில் மணல் போயிற்று. பிறகு முன்வரிசை வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அடுப்படிக்குள் முதன்முதலாகக் கடல்நீர் வந்த வருஷம் மாமியார் இறந்துபோனார். என் மனைவி அழுது அடம்பிடித்து அப்பாவை ராஜபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வந்த அன்றே, "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான் மாப்ள" என்றார். எனக்கும் அப்போது ஒன்றும் பூரிப்பாக இல்லை. மாமனாரும் மருமகனும் ஒரே கூடத்தில் பாய் விரிப்பது இருவருக்குமே சங்கடம்தான்.

எங்கள் வீடு ஒரு நூல் மில்லுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த இரைச்சல் எங்கள் காதில் விழுவதே இல்லை. அவருக்கோ அது பெரிய உபத்திரவமாக இருந்தது. "இது மூச்சே விட மாட்டேங்கே மாப்ள. கடல்னா இழுக்கும், பொறவு விடும். இது ஒரே இழுப்பா இழுக்கு" என்பார். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் காலையில் என் பைக்கில் ஏறிக் கடைக்கு வந்துவிடுவார். சீனி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்வார். எப்போதும் கிழக்குப் பார்த்துத்தான் உட்காருவார். மேற்கே, அவர் முதுகுக்குப் பின்னால் எங்கள் மலை நிற்கும். நாங்கள் காலையில் எழுந்ததும் மலையைப் பார்க்கிறவர்கள். மேகம் இறங்கி மலை மறைந்தால் இங்கே எல்லோருக்கும் முகம் மலரும். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

சாயங்காலம் போன் அடித்ததும் ஸ்பீக்கரைப் போடுவார். தூத்துக்குடியில் அவருடைய எதிர்வீட்டுக்காரி பேசுவார். கூடப் பிறக்காத தங்கை. என் மனைவிக்கு அத்தை, அதனால் எனக்கும் அத்தை. அத்தையின் கணவர் ஒரு பக்கம் கைகால் விழுந்து படுத்த படுக்கையாக இருந்தார். அவரைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் அத்தை போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். "போனைக் கடலுக்குக் காட்டு தாயி" என்பார் மாமனார். கண்ணை மூடிக்கொள்வார். எங்களுக்குக் கேட்பது வெறும் கரகரப்பு. அவர் மட்டும் தலையை ஆட்டி, "நல்லாத் தூங்குது" என்பார். இல்லாவிட்டால், "இன்னைக்கு ஏறி வருது, கட்டிலுக்குக் கீழ செங்கல் வச்சு ஒசத்திரு" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னபடிதான் நடக்கும். அத்தை அவர் வாக்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

நான் கேலி செய்யாமல் இருந்ததில்லை. "மாமா, சீனி வெல எப்பக் குறையும்னு கடல்ட்ட கேட்டுச் சொல்லுங்க" என்பேன். அவர் சிரிப்பார். ஆனால் கடலைக் குறை சொன்னால் கோபம் வந்துவிடும். கடலோர ஊர்களெல்லாம் இன்னும் கொஞ்ச காலத்தில் முங்கிவிடும் என்று ஒருநாள் டிவியில் பேசிக்கொண்டிருந்தார்கள். "பாத்தீங்களாப்பா, கடல் நம்ம வீட்டுக்குள்ள வரப்போகுதாம்" என்றாள் என் மனைவி. "வருதுன்னு சொல்லாதட்டி. அது வாசல்ல நாமதான் வீட்டக் கெட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு அந்தத் தண்ணீரின்மேல் அவ்வளவு பயம், அவ்வளவு பிரியம். இரண்டையும் அவரால் பிரித்து வைக்க முடியவில்லை.

அந்த மார்கழியில் மழை பிடித்தது. கடை வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டாரைத் தொங்கவிட்டிருந்தோம். அது நனைந்து நைந்துபோயிற்று. விட்டுவிட்டுப் பெய்யும் எங்கள் ஊர் மழையாக அது இல்லை. கொட்டியது கொட்டியபடியே இருந்தது. மலை இருந்த இடமே தெரியவில்லை. எங்களுக்குப் பால் ஊற்றும் மம்சாபுரத்துக்காரர் தொப்பலாக நனைந்து வந்து, "அண்ணாச்சி, கண்மாய் மறுகா பாயுது! எம்புட்டு வருசமாச்சு!" என்று கத்தினார். நிறைந்த கண்மாயிலிருந்து உபரித் தண்ணீர் வெளியே பாய்ந்தால், ஊர்க்காரர்கள் கூடி மஞ்சளும் பூவும் தூவிக் கும்பிடுவது இங்கே வழக்கம். நான் ஒரு பெட்டி நிறையப் பால்கோவா கொடுத்தனுப்பினேன். மாமனார் அவரிடம், "அந்தத் தண்ணி பொறவு எங்க போகும்?" என்று கேட்டார். "எங்க போகும் பெரியவரே, கடைசில ஒங்க கடலுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியோடு போய்விட்டார்.

மத்தியானம் வேளைகெட்ட நேரத்தில் போன் அடித்தது. அத்தைதான். "அண்ணே, மழை விடலை. எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போவச் சொல்லுதாவ. இவியளத் தூக்கிட்டு எப்படிப் போவேன்? போவட்டுமா, இருக்கட்டுமா, நீங்க சொல்லுங்க" என்றார். மாமனார் கையை உயர்த்தினார். பால் கிண்டிக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தினார். அத்தை போனைக் கடலுக்குக் காட்டினார். மாமனார் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார். பிறகு தெளிவாகச் சொன்னார்: "காத்து இல்ல. கடல் சும்மா கெடக்கு. நோயாளிய எதுக்கு மழையில நனைச்சு அலையுத? வீட்டுலயே இரு தாயி." அத்தை ஆறுதலாக, "சரிண்ணே" என்றார். எங்கள் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. நானே எழுந்துபோய் அவருக்கு டீ வாங்கி வந்தேன்.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. கடல் சும்மாதான் கிடந்தது. தண்ணீர் பின்பக்கமாக வந்தது. மேற்கே குளங்கள் நிறைந்து உடைந்து, வயலையும் ரோட்டையும் தாண்டி, ஊர் வழியாகக் கடலைத் தேடி வந்தது. கடலும் அந்த நேரம் அலையடிக்காமலே கரைமுட்ட ஏறி நின்றதால் வந்த தண்ணீரை வாங்கவில்லை. அது தெருக்களிலேயே தேங்கி ஏறியது. இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது. அன்று எங்களுக்குக் கிடைத்தது அத்தையின் அரைகுறைக் குரல்தான். "அண்ணே, தண்ணி வருது. கடல்லருந்து இல்லண்ணே, ரோட்டுப் பக்கமிருந்து... கட்டில் முங்குது..." அதோடு லைன் அறுந்தது.

மாமனார் எழுந்து நின்றார். செருப்புப் போடாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார். நான் கல்லாவைப் பூட்டாமல் பின்னால் ஓடினேன். கோவில்பட்டிக்கு அங்கிட்டு வண்டியே போகவில்லை என்றார்கள். மழையில் ஒவ்வொரு டிரைவராகப் போய், "தூத்துக்குடி போவுமாய்யா?" என்று கேட்டார். அவர்கள் இல்லை என்று சொன்ன பிறகும் அதே ஆளிடம் மறுபடி கேட்டார். நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். "போவட்டுமான்னு கேட்டவள நான்தான் மாப்ள இருக்கச் சொன்னேன்" என்றார். அவரை வீட்டுக்குக் கூட்டி வந்து தலை துவட்டிவிட்டாள் என் மனைவி. போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அந்த நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்துவார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வரும். மில் ஓயாமல் இரைந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கும் அந்தச் சத்தம் தாங்கமுடியாததாக இருந்தது.

மறுநாள் பொழுது சாயும்போது, தெரியாத நம்பரிலிருந்து என் மனைவிக்கு அழைப்பு வந்தது. "உயிரோட இருக்கோம்ட்டி" என்றார் அத்தை. கடலுக்குப் போகும் பைபர் படகைப் பையன்கள் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பரண்மேல் ஏற்றிக் கிடத்தியிருந்த கணவரை அதில் இறக்கிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். மாமனார் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். ஆனால் பொங்கலுக்கு முன்னாலேயே அத்தையின் கணவர் சளியும் காய்ச்சலுமாகக் கிடந்து இறந்துபோனார். தண்ணீரில் கிடந்ததனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் அது அடித்து அடித்து ஓயும். அவர் சீனி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அத்தை என் நம்பருக்கே கூப்பிட்டுவிட்டார். "நான் அண்ணன என்ன சொன்னேன் மருமவனே? அவிய பேசாம இருந்தா எனக்குன்னு யாரு இருக்கா? எடுக்கச் சொல்லுங்க" என்று அழுதார். மறுநாள் பட்டன் போன் அடித்ததும் நானே அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, அவர் காதில் வலுக்கட்டாயமாக வைத்தேன். அத்தை, "கடலுக்குக் காட்டட்டுமாண்ணே?" என்றார். "வேண்டாம் தாயி. மேக்க திருப்பு" என்றார் அவர்.

மேற்கிலிருந்து லாரி ஹாரன் கேட்டது. நாய் ஒன்று குரைத்தது. யாரோ குழந்தையை அதட்டினார்கள். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "இது எனக்கு ஒண்ணும் புரியலையே மாப்ள" என்று என்னைப் பார்த்தார். பிறகு, இங்கே வந்த இத்தனை காலத்தில் முதல்முறையாக, நாற்காலியை மலைப்பக்கம் திருப்பிப் போட்டார். "நீங்க மலையப் பாத்து வளந்த ஆளு. மழை வாரத நீங்க சொல்லுங்க. நான் அவளுக்குச் சொல்லுதேன்." அன்றிலிருந்து தினமும் விளக்குப் போடும் நேரத்தில் நான் படியில் இறங்கி மலையைப் பார்த்துச் சொல்வேன். எங்கள் மலைத் தண்ணீர் அத்தையின் தெருவுக்குப் போகாது. அது வைப்பாற்றோடு வேறு இடத்தில் கடல் சேரும். அதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். "ஆறு வேற, மேகம் ஒண்ணுதான மாப்ள" என்றார்.

போன வருஷம் மாமனார் போய்விட்டார். நோய் நொடி ஒன்றுமில்லை, வயசுதான். போனை எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடக்கம் முடிந்து கடை திறந்த அன்று சாயங்காலம் அது அடித்தது. "மலை தெரியுதா மருமவனே?" என்றார் அத்தை. அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. முன்வரிசையில் இப்போது மிஞ்சியிருப்பது அவர் வீடுதான். மேகம் இறங்கினால் துள்ளிக் குதித்த நான், இப்போது மேற்கே கருத்தால் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மழை வேண்டாம் என்று நினைக்கிற பால்கோவாக்காரனை மம்சாபுரத்துக்காரர்கள் கேள்விப்பட்டால் அடிக்க வருவார்கள்.

நேற்று பகலெல்லாம் விடாமல் பெய்தது. சாயங்காலம் போன் அடித்தது. ரப்பர் பேண்டோடு அதைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினேன். மலை இல்லை, அது இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம். "போவட்டுமா, இருக்கட்டுமா மருமவனே?" என்றார் அத்தை. உள்ளே கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. போகச் சொல்லி ஒன்றும் நடக்காவிட்டால், இந்த வயதில் வீட்டைவிட்டு அத்தையை வீணாக அலையவைத்த பாவம். இருக்கச் சொல்லி ஏதாவது நடந்தால், மாமனார் செத்த அன்றுவரை சுமந்ததை நான் சுமக்க வேண்டும்.

"தெரியலை அத்தை. கெளம்பிருங்க."

"சரி" என்றார். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நான் கேட்காமலே, அண்ணனுக்குக் காட்டுவதுபோல், போனைக் கிழக்கே திருப்பியிருக்கிறார். நான் மழையில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கடல் சும்மா கிடந்தது.